எங்கள் தலைக்கு மேலிருந்த வானத்தின் கணக்கு

எண்பத்தேழாம் ஆண்டின் கடைசியில் ஆரம்பித்த கதை இது. ஹட்டனுக்குக் கீழே, வட்டவளைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் இருந்தோம். கணவருக்குத் தோட்டத்துப் பெக்டரியில் வேலை. நான் பக்கத்துப் பாடசாலையில் விஞ்ஞான ஆசிரியை. முதல் குழந்தை, பெண். அப்போது அவளுக்கு ஏழு மாதம்.

எங்கள் பக்கம் வெயில் எப்படிப்பட்டது என்பது அங்கே இருந்தவர்களுக்குத்தான் தெரியும். வாரக்கணக்கில் மழையும் பனிமூட்டமும். திடீரென்று ஒருநாள் காலை மூட்டம் விலகும். உடனே தொழிலாளர் குடியிருப்பான லயத்து வாசல் முழுக்க ஆட்கள் நிரம்பிவிடுவார்கள். ஈரத் துணிகள் தேயிலைச் செடிகளின் மேல் விரியும். பிள்ளை பெற்றவர்கள் எண்ணெய் தேய்த்த குழந்தையை மடியில் குப்புறப் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிடுவார்கள். இதற்கு "வெயில் காட்டுறது" என்று பெயர். இருட்டான ஒற்றை அறையில் வளரும் குழந்தைக்கு அதைவிடப் பெரிய மருந்து எங்களிடம் இருக்கவில்லை.

அந்த வெயிலுக்குத்தான் ஆபத்து வந்தது.

வானத்தில் ஓட்டை விழுந்துவிட்டது என்று பத்திரிகைகளில் வந்த காலம் அது. சூரியனின் கெட்ட கதிர்களைத் தடுக்கும் ஓசோன் என்ற வாயு குறைந்துவிட்டது, இனி வெயில் பட்டால் தோல் கெடும், கண் குருடாகும் என்று செய்தி பரவியது. எங்கே ஓட்டை என்பதை யாரும் சரியாக வாசிக்கவில்லை. வாசித்தவர்களும் நம்பவில்லை. எங்கள் தோட்டத்து மருந்துச்சாலையில் வைத்தியம் பார்த்த டிஸ்பென்சர், குழந்தைகளை வெளியே எடுக்கக் கூடாது என்று பிள்ளைக் காம்பராவுக்குக் கட்டளை போட்டுவிட்டார். வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம்தான் பிள்ளைக் காம்பரா. என் மகளும் பகலில் அங்கேதான் இருந்தாள். கதவு சாத்தப்பட்டது. ஜன்னல்களுக்குச் சாக்குத் தொங்கவிட்டார்கள்.

அதே மாதம்தான் ஹட்டனில் டாக்டரிடம் மகளைக் காட்டினேன். மணிக்கட்டு தடித்திருந்தது, மண்டை எலும்பு அழுத்தினால் அமுங்கியது. எலும்புக்குப் பலம் இல்லை என்றார் டாக்டர். மீனெண்ணெய் எழுதிக் கொடுத்துவிட்டு, "காலையில கொஞ்ச நேரம் நல்லா வெயில் காட்டுங்க" என்றார்.

நான் ஓட்டையைப் பற்றிக் கேட்டேன். வெளியே வரிசையில் இருந்த ஆட்களைப் பார்த்துக்கொண்டே, "நம்ம பக்கம் இருக்காது" என்றார்.

"இருக்காது" என்ற சொல்லைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வீடு வந்தேன். பாதி வழியிலேயே அது போதாது என்று ஆகிவிட்டது. இருக்காது என்றால் இல்லை என்று அர்த்தமா? இருந்துவிட்டால்? வெயில் காட்டாவிட்டால் கால் வளையும். காட்டினால் கண் போகுமா? இரண்டில் எதைச் செய்தாலும் செய்தவள் நான்தான். ஒருநாள் ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் அவளை வைத்துக்கொண்டு நின்றேன். எலும்புக்கு வேண்டிய கதிரைக் கண்ணாடியே தடுத்துவிடும் என்று வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவள் நான்! தெரிந்தும் நின்றேன்.

அந்த விடுமுறையில் கண்டிக்குப் போனபோது ஒரு நூலகத்தில் ஆங்கில விஞ்ஞான சஞ்சிகை ஒன்றைப் புரட்டினேன். ஓட்டை தென்துருவத்துக்கு மேலே என்று எழுதியிருந்தது. ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது கட்டுரையின் கடைசியில் இருந்த சின்ன எழுத்துக் குறிப்பு. வானத்தின் உயரத்தில் உள்ள வாயுக்களை அமெரிக்கா விண்ணில் விட்ட செய்மதி ஒன்று பல வருடங்களாக அளந்து வருகிறது. அந்த அளவுகள் எல்லாம் முதல் நாளிலிருந்து ஓரிடத்தில் சேர்த்து வைக்கப்பட்டிருக்கின்றன. ஆராய்ச்சிக்கோ கற்பித்தலுக்கோ வேண்டியவர்கள் எழுதிக் கேட்கலாம்.

செய்மதி உலகம் முழுவதையும் சுற்றுகிறது. அப்படியென்றால் அது எங்கள் தோட்டத்துக்கு மேலாகவும் போயிருக்க வேண்டும். எங்கள் வானத்தையும் யாரோ அளந்து வைத்திருக்கிறார்கள், எங்களிடம் மட்டும் சொல்லவில்லை. எனக்கு முதலில் வந்தது கோபம்தான்.

பாடசாலை அதிபரிடம் அனுமதி கேட்டேன். நல்ல மனிதர், ஆனால் சிரித்துவிட்டார். "டீச்சர், கொழும்புக்கு எழுதுன கடிதத்துக்கே பதில் வர மாட்டேங்குது. நீங்க அமெரிக்காக்காரனுக்கு எழுதுறீங்க!"

"வராட்டி ஒரு முத்திரைதானே சார் நட்டம்?"

"அதுவும் சரிதான். எழுதுங்க. நம்ம தோட்டம் எங்க இருக்குன்னு அவனுக்கு எப்படித் தெரியும்?"

பாடசாலை உலகப் படத்தை விரித்து எங்கள் அகலக்கோட்டையும் நெடுங்கோட்டையும் அளந்து எழுதினேன். விஞ்ஞான ஆசிரியை என்று கையெழுத்திட்டேன். தபாலில் போட்ட நிமிடத்திலிருந்தே, ஏன் இந்த வேலை என்று எனக்குள்ளேயே சண்டை. மாதங்கள் போயின. மகள் தவழ ஆரம்பித்தாள், ஆனால் எழுந்து நிற்க முயலவில்லை.

பதில் வந்தது. என்னிடம் அல்ல, பொலிஸிடம்.

யுத்தம் நடந்த அந்த வருடங்கள் எப்படிப்பட்டவை என்று வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஒரு தமிழ்ப் பெண்ணுக்கு வெளிநாட்டிலிருந்து பொதி வருவதே சந்தேகம். அந்தப் பொதிக்குள் கறுப்புப் பிலிம் தாள்கள். ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். வெளிச்சத்தில் பிடித்தால் எறும்பைவிடச் சிறிய எழுத்துகள் வரிசை வரிசையாக. தபால் கந்தோரில் திறந்து பார்த்தவர்கள் பயந்துபோய் பொலிஸில் ஒப்படைத்துவிட்டார்கள். மறுநாள் வரச் சொல்லி ஆள் வந்தது.

அன்று இரவு கணவர் சாப்பிடவில்லை. "நீ போக வேணாம். நான் போறேன். தெரியாம வந்திருச்சு, எங்களுக்கு வேணாம்னு சொல்லி அங்கயே விட்டுட்டு வந்துர்றேன்."

"தெரியாம வரலைங்க. நான் கேட்டு வந்தது."

"புள்ளைக்காரி நீ. உள்ள புடிச்சிப் போட்டா இவள யாரு பாக்குறது?"

 அவர் சொல்வது சரி என்றுதான் தோன்றியது. ஆனால் தொட்டிலில் கிடந்தவளின் மணிக்கட்டைப் பார்த்தேன். "இவளுக்காகத்தான் போறேன்" என்றேன். அப்படிச் சொன்ன என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

காலையில் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டே போனேன். கணவரும் கூட வந்தார். நிலையத்தில் சார்ஜன்ட் ஒருவர் பொதியை மேசையில் பரப்பி வைத்திருந்தார். பக்கத்தில் இளவயதுக் கான்ஸ்டபிள். சார்ஜன்ட் சிங்களத்தில் கேட்டார். நானும் சிங்களத்தில்தான் பதில் சொன்னேன்.

"மிஸ், இது என்ன?"

"வானத்தில் இருக்கிற ஓசோனின் அளவு, மாத்தயா. செய்மதி அளந்தது."

"தோட்டத்தில் இருக்கிற உங்களுக்கு செய்மதி எதுக்கு?"

"அது எங்க தோட்டத்துக்கு மேலாலயும் போகுதே."

கான்ஸ்டபிள் சிரித்தான். சார்ஜன்ட் சிரிக்கவில்லை. ஒரு தாளை எடுத்து ஆட்டினார். "இந்த மாதிரி பிலிமில் உளவாளிகள்தான் எழுதுவாங்க. இதில் என்ன எழுதியிருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

 மகள் கனத்தாள். கணவர் என் சேலை முந்தானையைப் பின்னாலிருந்து மெல்ல இழுத்தார், போதும் என்பது போல. அந்த நேரத்தில் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். நான் சொன்னது வேறு.

"எனக்கும்தான் தெரியாது, மாத்தயா. நானும் இன்னும் வாசிக்கலையே. எங்க பாடசாலையில் நுணுக்குக்காட்டி இருக்கு. வாங்க, ரெண்டு பேரும் சேர்ந்து வாசிப்போம்."

 சார்ஜன்ட் தாள்களை உறைக்குள் திணித்துக்கொண்டு தொப்பியை எடுத்தார்.

பாடசாலையில் இருந்தது ஒரேயொரு நுணுக்குக்காட்டி. வெங்காயத் தோலையும் குளத்துத் தண்ணீரையும் பார்க்கும் பழைய கருவி. மின்விளக்கு கிடையாது. கீழே உள்ள சிறு கண்ணாடியைத் திருப்பி வானத்து வெளிச்சத்தைப் பிடிக்க வேண்டும். அன்று மூட்டம். விஞ்ஞான அறைக்குள் வைத்துப் பார்த்தால் ஒரே இருட்டு. வேறு வழியில்லாமல் மேசையோடு தூக்கி முற்றத்தில் வைத்தோம், மழைமானிக்குப் பக்கத்தில். அந்த நேரம் பார்த்து மூட்டம் விலகி வெளிச்சம் வந்தது.

கான்ஸ்டபிள் மட்டும் கூரைக்குக் கீழேயே நின்றுவிட்டான்.

"அடேய், இங்க வா" என்றார் சார்ஜன்ட்.

"இங்கேயே நிக்கிறேன் சேர். வெயில் வருது."

துப்பாக்கி பிடிக்கிற ஆளும் அதே பயத்தில்தான் இருக்கிறான் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. என் பயம் பாதி குறைந்துவிட்டது. மகளைக் கணவரிடம் கொடுத்துவிட்டுத் தாளை வைத்துக் கண்ணைப் பதித்தேன். சார்ஜன்ட் என்னைத் தள்ளிவிட்டுத் தானும் குனிந்தார். உடனே நிமிர்ந்தார்.

"இது இங்கிலீஷே இல்லையே! ரகசிய எழுத்து!"

"நுணுக்குக்காட்டி எதையும் தலைகீழாத்தான் காட்டும், மாத்தயா." தாளைச் சுற்றி வைத்தேன். இப்போது எழுத்துகள் நேராகின. பெயர்கள் இல்லை, வசனங்கள் இல்லை. மேலே மாதம், ஓரத்தில் அகலக்கோடு, உள்ளே முழுக்க எண்கள். அவர் வெகுநேரம் பார்த்தார். "சரி, எண்தான்" என்றார் கொஞ்சம் ஏமாற்றத்தோடு. பிறகு, "நம்ம இடம் எது?" என்று கேட்டார்.

எங்கள் வரிசையைத் தேடினேன். பிலிமை நூலளவு நகர்த்தினாலும் உள்ளே எண்கள் ஆறு போல ஓடும். மூச்சைப் பிடித்து நகர்த்தினேன். கிடைத்தது. அதற்கு மேலே வடக்கு நாடுகளின் வரிசைகளையும் பார்த்தேன். திரும்ப எங்களுடையதைப் பார்த்தேன்.

எங்கள் எண்கள்தான் சிறியவை. கொஞ்சம் அல்ல, நன்றாகவே சிறியவை.

 டிஸ்பென்சர் சொன்னது சரி. பிள்ளைக் காம்பராவின் சாக்குகள் சரி. அறிவுள்ளவள் மாதிரிப் பேசிக்கொண்டு இத்தனை பேரையும் முற்றத்தில் நிறுத்திய நான்தான் பிழை. சார்ஜன்டும் அதைப் பார்த்துவிட்டார். "அப்போ ஓட்டை நம்ம தலைக்கு மேலயா?" என்றார். கான்ஸ்டபிள் இன்னும் ஓரடி பின்னால் போனான். கணவர் மகளின் தலையைத் தன் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டார்.

நான் என்ன செய்வதென்று தெரியாமல் பக்கத்தில் இருந்த மழைமானியைப் பார்த்தபடி நின்றேன். தினமும் காலையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து அதை அளப்பவள் நான்தான். தேயிலைத் தோட்டங்களில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு மாதத்து மழையை மட்டும் வைத்து யாரும் வறட்சி என்று சொல்ல மாட்டார்கள். போன வருடம் இதே மாதம் எவ்வளவு, அதற்கு முந்தின வருடம் எவ்வளவு என்றுதான் கேட்பார்கள். வட்டவளை மழையை வேறு ஊர் மழையோடு ஒப்பிட்டு அழுகிற ஆளை எங்கள் பக்கம் பைத்தியம் என்பார்கள்.

நானும் அதைத்தானே செய்துகொண்டிருந்தேன்?

"மாத்தயா, அந்தப் பழைய தாளைத் தாங்க. எல்லாத்திலும் பழசு."

அவர் தேடி எடுத்துக் கொடுத்தார். செய்மதி அளக்கத் தொடங்கிய காலத்துத் தாள். அதிலும் எங்கள் வரிசையைப் பிடித்தேன். அதே சிறிய எண்கள். அடுத்த வருடத் தாள், அதற்கடுத்தது, எல்லாவற்றிலும் கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும், திரும்ப அதே இடத்துக்கு வரும். ஓட்டை என்ற பேச்சே பிறக்காத காலத்திலும் எங்கள் வானம் இப்படித்தான் இருந்திருக்கிறது. எங்கள் அகலக்கோட்டில் அந்த வாயு இயல்பாகவே மெல்லிசு. பிறகு கீழே கடைசி வரிசைகளுக்கு, தென்துருவத்துப் பக்கம் போனேன். அங்கே அவர்களுடைய வசந்த காலத்தில் பழைய தாள்களில் பெரிய எண்கள். புதிய தாள்களில் அதே மாதத்தில் அவை சரிந்து கிடந்தன.

முன்பு இருந்தது இல்லாமல் போனால்தான் அது ஓட்டை. ஆரம்பத்திலிருந்தே அப்படி இருந்தால் அது எங்கள் வானம்.

இதைச் சார்ஜன்டுக்கு விளக்கினேன். ஒவ்வொரு தாளாக அவரையே பார்க்க வைத்தேன். முதலில் முனகினார். பிறகு அவரே, "அடுத்த வருஷத்தை வைங்க" என்று கேட்க ஆரம்பித்தார். கடைசியில் நிமிர்ந்து முதுகைப் பிடித்துக்கொண்டு, "என் வீட்டிலயும் ஜன்னல் எல்லாம் மூடித்தான் கிடக்கு மிஸ். என் பொண்டாட்டி பிள்ளையை வெளியே விடுறதே இல்லை" என்றார்.

"மத்தியான வெயில் நம்ம ஊர்ல எப்பவும் சுடும், மாத்தயா. அதுக்கு நிழல்ல நிக்கணும். காலை வெயிலுக்குத் திறந்துவிடச் சொல்லுங்க."

தாள்களை அடுக்கி உறையில் போட்டார். ஒன்றை மட்டும் தனியே எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "இது நிலையத்தில் இருக்கட்டும். மேலிடத்தில் கேட்டால் காட்டணும்."

கணவர் கண்ணாலேயே என்னைக் கெஞ்சினார், விட்டுவிடு என்று. நியாயமாக நானும் விட்டிருக்க வேண்டும். காலையில் சிறைக்குப் போகப் பயந்தவள் நான். ஆனால் கையை நீட்டினேன்.

"முடியாது, மாத்தயா. நடுவில ஒரு வருஷம் இல்லேன்னா யாரும் என்னை நம்ப மாட்டாங்க. அந்த வருஷம்தான் ஓட்டை விழுந்ததும்பாங்க. எல்லாம் சேர்ந்துதான் சாட்சி. மேலிடத்தில் கேட்டா அவங்களை இங்க கூட்டி வாங்க. நானே காட்டுறேன்."

அவர் முகம் கறுத்தது. கான்ஸ்டபிள் சுவரைப் பார்த்தான்.  பிறகு சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து என் கையில் வைத்தார். "இந்த மிஸ்கிட்ட படிக்கிற பிள்ளைங்க பாவம்" என்று கான்ஸ்டபிளிடம் சொல்லிவிட்டு நடந்தார். அது திட்டா, பாராட்டா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

நாங்கள் வீட்டுக்குப் போகவில்லை. நேரே பிள்ளைக் காம்பராவுக்குப் போனோம். டிஸ்பென்சரும் அங்கே நின்றிருந்தார். நான் உள்ளே போகாமல் வாசலிலேயே என் முந்தானையை விரித்து, மகளின் சட்டையைக் கழற்றி, வெயிலில் படுக்கப் போட்டேன். அவள் கண்ணைச் சுருக்கித் தும்மினாள்.

காம்பரா ஆயா ஓடிவந்தார். "அய்யய்யோ, டீச்சரம்மா! ஆகாசத்துப் பொத்தல் அடைஞ்சிருச்சா?"

"அடையல ஆயா. அது நம்ம தலைக்கு மேல இல்ல. அளந்து வச்சிருக்காங்க, பாத்துட்டு வர்றேன்."

"யாரு, பொலிஸா அளந்தாங்க?"

"பொலிஸும்தான் பாத்தாங்க" என்றார் என் கணவர். முந்தின இரவு சாப்பிடாமல் படுத்தவர், அந்த இடத்தில் மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும்.

டிஸ்பென்சர் விடவில்லை. "டீச்சர், நாளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நான் பொறுப்பில்ல."

"வேணாம் சார். நான் பொறுப்பு. இருட்டுல வச்சு இந்தப் புள்ளைங்களுக்குக் கால் வளைஞ்சா அதுக்கு யாரு பொறுப்புன்னு நீங்க சொல்லுங்க."

அவர் மருந்துச்சாலைப் பக்கம் நடையைக் கட்டினார். பிள்ளைக்குப் பால் கொடுக்க மலையிலிருந்து இறங்கி வந்த பெண்கள் கூடையோடு நின்று பார்த்தார்கள். அன்று ஒருத்தி மட்டும்தான் தன் பையனைக் கொண்டுவந்து என் மகளுக்குப் பக்கத்தில் போட்டாள். மற்றவர்கள் வரவில்லை. நான் அவர்களைக் குறை சொல்லவில்லை. அடுத்த வெயில் நாளில் இன்னும் சிலர் வந்தார்கள். ஜன்னல் சாக்குகள் எப்போது கழன்றன என்று எனக்கே தெரியாது. ஒருநாள் பார்த்தபோது ஆயா அவற்றைக் கால்மிதியாகப் போட்டிருந்தார்.

மகள் பிந்தித்தான் நடந்தாள். இடது கால் இன்னும் கொஞ்சம் வளைவுதான், அதைப் பார்க்கும்போதெல்லாம் அந்தச் சில மாதங்களை நினைத்து மனம் அடித்துக்கொள்ளும். ஆனால் மூட்டம் விலகிவிட்டால் போதும், கூப்பிடக் கூப்பிட நிற்காமல் வாசலுக்கு ஓடிவிடுவாள்.

நான் தைரியசாலி ஆகிவிடவில்லை. கதவு பூட்டினேனா என்று இன்றும் இரண்டு முறை பார்ப்பவள்தான். ஆனால் "இருக்கும்", "இருக்காது" என்று சொல்லி யாராவது எங்கள் பிள்ளைகளை இருட்டில் வைக்கப் பார்த்தால், எங்கே அளந்து வைத்திருக்கிறீர்கள், காட்டுங்கள் என்று கேட்காமல் நான் நகர்வதில்லை. பயந்துகொண்டேதான் கேட்கிறேன், ஆனாலும் கேட்கிறேன்.